பதினெட்டுக் குழி

குடம் நிரம்பியதும் விஜிலா அதை உடனே வண்டியில் ஏற்ற மாட்டாள். கிணற்றடிப் பூவரசில் கையை நீட்டி ஒரு இலையைக் கிள்ளுவாள். தளிர் ஆகாது, பழுப்பும் ஆகாது. விரலுக்குத் தோல் மாதிரித் தட்டுப்படுகிற முற்றின பச்சை இலைதான் வேண்டும். காம்பை ஒட்டக் கிள்ளி எறிவாள். எறும்பு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, முந்தானையில் ஒரு துடை துடைத்து, குடத்து வாய்க்குள் தண்ணீர்மேல் மெல்லப் படுக்க வைப்பாள். பன்னிரண்டு குடத்துக்குப் பன்னிரண்டு இலை. இலை மிதந்தால் வண்டி எவ்வளவு ஆடினாலும் தண்ணீர் தளும்பாது என்பது அவள் கட்சி. தளும்புகிறதா என்று இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாகத் தண்ணீரோடு இலையும் வருகிறது. வாங்குகிறவர்கள் இலையை எடுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

குறை சொல்கிற ஒரே ஆள் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து, முப்பது வருடமாகத் தெரு முக்கில் டீக்கடை வைத்திருப்பவர்.

“ஏளா விஜிலா, என் டீயில தூள் எது, உன் எல எதுன்னு சனங்களுக்கு வித்தியாசம் தெரிய மாட்டேங்கு.”

“ரெண்டுல எது ருசியா இருக்குன்னு கேட்டுப் பாருங்க அண்ணாச்சி. தூள் வாங்குத செலவு மிச்சமாவும்.”

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது கித்தேரியம்மாள் தெரு. தெரு என்பது பெயருக்குத்தான். முந்நூறு வீடு, ஒரு கோவில், கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். விஜிலா அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பா சங்கு குளித்தவர். புருஷன் ஜோன்ஸ் தோணியில் போகிறவன். மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போவான், கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவையும் தோணி எஞ்சின் பழுதாகிற மாதத்தில் ஒரு தடவையும் வீட்டுக்கு வருவான். பத்தொன்பது வருடம் முன்பு தெருக்குழாயில் தண்ணீர் வாரம் இரண்டு முறை வந்தது. பிறகு ஒரு முறை ஆயிற்று. பிறகு காற்று மட்டும் வந்தது. அதற்கும் சனங்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்று சலித்துத்தான் விஜிலா பழைய காய்கறி வண்டி ஒன்றை வாங்கி, சீனிக் கிணற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு பெண்பிள்ளைகளை அந்த வண்டிதான் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தது.

சீனிக் கிணறு என்றால் சீனி ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் ஊறுகாய்க்குப் போடுகிற அளவுக்கு உப்பு வரும். அதோடு வைத்துப் பார்த்தால் இது சீனி. ஊரில் நல்லவன் என்று பேரெடுத்த பல பேர் பக்கத்து வீட்டுக்காரனோடு வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள்.

அந்தக் கிணறு இருந்த இடம் ஒரு கோல்ஃப் மைதானம். எந்தக் காலத்திலோ பஞ்சு மில் வெள்ளைக்காரர்கள் பந்தடிப்பதற்காகக் கடற்கரை மணலில் ஒன்பது குழி வெட்டியிருந்தார்கள். அவர்கள் கப்பலேறிய பிறகு அது பொதுச் சொத்தாயிற்று. வாசலில் ‘பொது மைதானம்’ என்று பலகை. தெருவில் கோல்ஃப் என்பது கோப்பு ஆகி, ‘கோப்பு மைதானம்’ என்று நிலைத்துவிட்டது. பொது என்று எழுதியிருந்ததால் ஆடு மேய்ந்தது, வலை காய்ந்தது, பையன்கள் கால்பந்து ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கண் டாக்டரும் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டனும் உப்பு முதலாளிகள் இரண்டு பேரும் வந்து, மூடிப்போன ஐந்து குழிகளை விட்டுவிட்டு மிச்சம் நான்கில் பந்தடித்தார்கள். அவர்கள் பந்து கிணற்றில் விழும். திங்கட்கிழமை விஜிலாவின் வாளியில் வரும். அவள் அதைக் கிணற்றுச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போவாள்.

“கேப்டன் ஐயா, இந்த வாரம் கெணறு மூணு முட்ட போட்டுருக்கு.”

இப்படி யாருக்கும் யாராலும் தொந்தரவில்லாமல் கிடந்த இடத்தைத்தான் கடலோரப் பொழுதுபோக்கு மேம்பாட்டுக் குழுமம் மேம்படுத்த வந்தது.

முதலில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். சொன்னவன் உள்ளூர்க்காரன். அவன் வாயில் குழியும் குளியும் ஒன்று. “நம்ம பொது மைதானத்துல நாப்பத்தொரு கோடியில பதினெட்டுக் குளி வருது!” என்று இரண்டு தரம் தெருவைச் சுற்றினான். சங்கு குளித்து முட்டி தேய்ந்துபோன கிழவர்கள் நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் முத்துக் குளிப்புக்கு அரசாங்கம் ஆளெடுக்கிறது என்று ஒருவர் சொல்ல, மணலில் எப்படிக் குளிப்பது என்று இன்னொருவர் கேட்க, சாயங்காலம் வரை பொழுது போயிற்று.

மறுநாள் கோவில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அச்சில் சிறப்பு ழகரம் தெளிவாக இருந்தது. கோல்ஃப் என்பது அந்நியச் சொல் என்று தமிழ்ப்பற்றுள்ள அதிகாரி ஒருவர் அதை வெட்டிவிட்டிருந்தார். மிச்சம் இப்படி இருந்தது: ‘பொதுமக்களின் நீண்டநாள் நலன் கருதி, நவீன வசதிகளுடன் பதினெட்டுக் குழிகள் அமைக்கப்படும். நிரந்தர உறுப்பினர்களுக்கு முன்னுரிமை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அனைவரும் வருக.’

டீக்கடை அண்ணாச்சி அதை நிலக்கணக்கில் படித்தார். நூறு குழி ஒரு மா. பதினெட்டுக் குழி என்றால் தம் கடைக்குப் பின்னால் கிடக்கிற இடம்தான் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வடை போடப் போனார். ஆனால் கித்தேரியம்மாள் தெருவுக்குக் குழி என்றால் ஒன்றே ஒன்றுதான்.

கல்லறைத் தோட்டம் நிரம்பிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஒருவரை வைத்து ஐந்து வருடம் கழிந்தால் எலும்பை எடுத்து ஒதுக்கிவிட்டு, அதே குழியில் அடுத்தவரை வைப்பது வழக்கம். சில சமயம் ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்தவர் அவசரப்பட்டுவிடுவார். பக்கத்து மைதானத்தில் கொஞ்சம் இடம் கேட்டு ஊர்க் கமிட்டி கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதுவே ஆளுயரம் வரும். இப்போது நோட்டீசில் ‘நீண்டநாள்’ என்று இருந்தது. ‘நிரந்தரம்’ என்றும் இருந்தது. அதற்குமேல் யாருக்கு ஐயம் வரும்? பதினெட்டுக் குழிக்கு நாற்பத்தொரு கோடியா என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கம் வெட்டுகிற குழிக்கு அவ்வளவு ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கமிட்டித் தலைவர் பவுல் அன்றைக்கே பட்டியல் போட உட்கார்ந்தார். ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். எதையும் வரிசைப்படுத்தி வைப்பதில் ஆசை உள்ளவர். பதினெட்டு இடத்துக்கு நூற்று நாற்பது பேர் நின்றார்கள். சர்க்கரை நோயாளிகள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார்கள். எழுபது வயது ஜெபசுதா மாமி ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பவுலுக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏலே பவுலு, முதல் குழி எனக்கு. எழுது.”

“மாமி, நீங்க கல்லு மாதிரி இருக்கிய. இழுத்துக்கிட்டுக் கெடக்கவங்களுக்கு முதல்ல குடுக்கணும்லா.”

“இழுத்துக்கிட்டுக் கெடக்கவன் கெடக்கட்டும். நான் பொசுக்குன்னு போயிட்டா யார்ட்டலே வந்து கேப்பேன்?”

விஜிலா வண்டியை நிறுத்தி இதைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்தில் குழி என்றால் அது கிணற்றுக்குப் பக்கத்தில்தான் வரும்.

“கெணத்துக்கு அடுத்தாப்புல பொணத்தப் பொதச்சா, தண்ணிய என்ன செய்யது பவுல் அண்ணே? வேற எங்கயாவது கேளுங்க. நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பவுல் பேனாவை மூடினார். ஜெபசுதா மாமி ஸ்டூலோடு திரும்பினாள்.

“ஏன்ளா, நீ மட்டும் சாவாம இருக்கப் போறியா?”

“சாவேன் மாமி. அதுவரைக்கும் குடிக்கணும்லா.”

அடுத்த மூன்று வாரம் விஜிலா செத்தவர்களுக்கு விரோதி. அவளிடம் குடம் வாங்கினவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் குடத்தை வாங்காமல் இருக்கவில்லை. தாகம் அந்த அளவுக்குக் கோபப்படாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வாசலிலேயே ஒரு பேரேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். விஜிலா மட்டும் போடாமல் உள்ளே நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்பதற்காக வந்திருந்தாள். மேடையில் அதிகாரி ஒருவரும் சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவரும் இருந்தார்கள். ஆலோசகர் கோட்டு போட்ட இளைஞர். அவர் ‘குழி’ என்று சொன்னபோது ழகரம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பங்குச் சாமியார்கூடப் பூசையில் அப்படிச் சொன்னதில்லை.

“ஒவ்வொரு குழியும் உலகத் தரத்தில் இருக்கும்,” என்றார்.

ஹால் கைதட்டியது.

“ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நல்ல இடைவெளி. முந்நூறு, நானூறு மீட்டர்.”

ஜெபசுதா மாமி எழுந்தாள். “அவ்வளவு தூரம் வேண்டாம் ஐயா. எங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்.”

“சாரும் வருவாராம்மா?”

“அவரு நாலு வருசமா அங்கதான இருக்காரு.”

பழைய உறுப்பினர் என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார். “அப்படீன்னா குடும்பமாவே சேர்ந்துக்கலாம்மா.”

“கேட்டியளா, குடும்பக் குழி!” என்று மாமி ஹாலைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள். மறுபடியும் கைதட்டல்.

பவுல் கமிட்டித் தலைவருக்குரிய குரலில் கேட்டார்: “ஒரு குழிக்கு எத்தன பேரு சார்?”

“ஒரு நேரத்தில் நாலு பேர். அவங்க முடிச்சுக் கிளம்பினதும் அடுத்த நாலு பேர்.”

பவுல் மகிழ்ந்துபோனார். ஊர் வழக்கம் தெரிந்த ஆள்தான். “எங்க கணக்கு அஞ்சு வருசம். உங்க கணக்குல எவ்வளவு நாள்ல கெளம்பணும்?”

“நாளா? ஒரு குழிக்குப் பத்து, பதினைந்து நிமிஷம் போதும் சார்.”

ஹால் அடங்கிவிட்டது. ஆண்டவருக்கே மூன்று நாள் ஆயிற்று. பத்து நிமிடத்தில் எழுந்து கிளம்ப வேண்டுமென்றால் யாரால் முடியும்?

அந்த அமைதியில்தான் விஜிலா எழுந்து நின்றாள். “சார், கெணத்துக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம்?”

“நல்ல கேள்வி.” ஆலோசகர் திரையில் ஒரு நீல வட்டத்தைக் காட்டினார். “இந்தக் கிணறுதான் திட்டத்துக்கே உயிர். பதினெட்டுக் குழிக்கும் புல்லுக்கு இதிலிருந்துதான் தண்ணீர்.”

“கல்லறையில என்னத்துக்கு சார் புல்லு?”

“கல்லறையா?”

ஆலோசகர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நோட்டீசைப் பார்த்தார். பிறகு கையால் ஒரு மட்டையைச் சுழற்றுகிற மாதிரிக் காட்டி, “அம்மா, இது கோல்ஃப். பந்து விழுகிற குழி,” என்றார்.

“பந்த எதுக்குலே பொதைக்கணும்?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் உண்மையாகவே கேட்டார்.

பவுல் பட்டியலை மெதுவாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஆனால் விஜிலா உட்காரவில்லை. “புல்லு நாளைக்கு எத்தன குடம் குடிக்கும்?”

“குடக்கணக்கு தெரியாதும்மா. ஒன்பது லட்சம் லிட்டர்.”

அவளுக்கு லிட்டர் கணக்கும் தெரியும், குடக்கணக்கும் தெரியும். உதடு அசைந்தது. “அறுபதாயிரம் குடம். எங்க தெரு முந்நூறு வீடும் சேந்து நாளைக்கு அறநூறு குடம் குடிக்கோம் சார். நாங்க நூறு நாள் குடிக்கத உங்க புல்லு ஒரே நாளுல குடிக்குமா? அதுக்கு வயித்துல ஏதும் கோளாறா?”

“நாங்க எங்கன போயி எடுக்க?” என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து கேட்டார்கள்.

வேலி போட்ட பிறகு உறுப்பினர் அல்லாதார் உள்ளே வரக்கூடாது என்றும், தெருவுக்கு லாரித் தண்ணீர் பரிசீலனையில் இருக்கிறது என்றும் அதிகாரி சொன்னார். பரிசீலனை என்ற சொல்லுக்குக் கித்தேரியம்மாள் தெருவில் அகராதி தேவையில்லை. ஹால் ஒரே சத்தமாயிற்று. நாற்காலி ஒன்று உடைந்தது. பள்ளிக்கூட நாற்காலி, முன்பே உடைந்ததுதான்.

நான்காம் நாள் கூட்டக் குறிப்பு வெளிவந்தது. ‘கலந்துகொண்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் திட்டத்தை வரவேற்றனர். இடையிடையே கரவொலி எழுப்பினர்.’ அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இப்போது விஜிலா பக்கம். டீக்கடை அண்ணாச்சிக்கு மனு எழுதுவது மூக்குப்பொடி போடுகிற மாதிரி, தினம் ஒன்றாவது இல்லாமல் முடியாது. கலெக்டருக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று என்று எழுதித் தள்ளினார். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேள்வி கேட்டு ஒன்றைப் பதிவுத் தபாலில் விட்டார். எதற்கும் பதில் இல்லை. அளவைக்காரர்கள் மட்டும் வந்து, குழி வரப்போகிற பதினெட்டு இடத்திலும் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். ஏழாவது கொடி கிணற்றுச் சுவரிலிருந்து பத்தடி.

“ராத்திரியோட ராத்திரியா கொடியப் புடுங்கிருவோம்,” என்றார் பவுல், கோவில் படிக்கட்டில் வைத்து.

“புடுங்குனா நம்ம மேல கேசு வரும்,” என்றாள் விஜிலா. “அவன் குழின்னுதான அச்சடிச்சு ஒட்டுனான்? நமக்குக் குழின்னா என்ன? அதயே செய்வோம். கொடிக்கொரு குருசு.”

பவுல் சிலுவை போட்டுக்கொண்டார். “செத்தவன் இல்லாம குருசு நடுறது பாவம்லா?”

“கெணத்த வேலி கட்டட்டும். செத்தவனுக்குப் பஞ்சம் வராது அண்ணே.”

உடைந்த வள்ளத்துப் பலகையில் பதினெட்டுக் குருசு செய்தார்கள். பூசை முடிந்த கையோடு, பட்டப்பகலில், ஊரே போய் ஒவ்வொரு கொடிக்குப் பக்கத்திலும் ஒன்றை நட்டது. பட்டியலில் முதல் பதினெட்டு இடத்தில் இருந்தவர்கள் தங்கள் பெயரையே எழுதினார்கள்; அதிலும் மூன்றாவது குருசுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஜெபசுதா மாமி தன் குருசில் பெயர் எழுதி, பிறந்த வருடம் எழுதி, இறந்த தேதிக்கு இடம் விட்டு, ஒரு முழம் கனகாம்பரமும் சுற்றினாள். அண்ணாச்சி தம் பங்குக்குப் பூவரசில் மஞ்சள் துணி கட்டி எலுமிச்சம்பழம் தொங்கவிட்டார். “குருசுக்குப் பயப்படாதவன் இதுக்குப் பயப்படுவான்,” என்றார்.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. ஓட்டி வந்த செந்தூர்வேல் ஆறுமுகநேரிக்காரன். முதல் குருசுக்குப் பக்கத்தில் வந்து வண்டியை அமர்த்தி, எட்டிப் பார்த்து, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். குருசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

“இது யாரு பாட்டி?”

“நான்தான்யா. பாத்துத் தோண்டு.”

செந்தூர்வேல் சாவியைக்கூட எடுக்காமல் கீழே குதித்தான். காண்டிராக்டர் பின்னால் ஓடிவந்தார். “ரெட்டக் கூலி தாரேன் வால!” என்றார். “உசுரோட இருக்கவ குழிய நான் தோண்ட மாட்டேன் மொதலாளி. வீட்டுல புள்ளகுட்டி இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே அவன் ரோட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த இரண்டு டிரைவர்களும் மாமியைப் பார்த்ததும் திரும்பினார்கள். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. உயிரோடு இருந்த எழுபது வருடத்தில் யாரும் தன்னைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லை என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது: திட்டம் கைவிடப்பட்டது.

தெரு வெடி போட்டது. முக்கில் பத்தடிக்குப் பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் பவுல், இரண்டு பக்கமும் கமிட்டிக்காரர்கள், அடியில் குடத்து வாய் அளவுக்கு ஒரு வட்டத்தில் விஜிலா. ‘வீரமங்கை விஜயா’ என்று அச்சாகியிருந்தது. வெற்றி விழாவுக்குப் பிரியாணி போட்டார்கள். அதற்குத் தண்ணீர் வீரமங்கைதான் ஐந்து நடை இழுத்தாள். மேடையில் அவளுக்கு ஒரு கேடயமும் பவுலுக்கு ஒரு சால்வையும் கொடுத்தார்கள். பவுல் பேச எழுந்து, குருசு நடுகிற யோசனை தமக்கு எப்படிக் கனவில் வந்தது என்று சொன்னார்.

விஜிலா அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் பிளெக்ஸைத் தாண்டுகிறபோது வண்டியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தள்ளினாள். கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. அரசாங்கத்தையே ஒரு பலகைக் குருசு நிறுத்திவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாள். தோணியிலிருந்து ஜோன்ஸ் போன் போட்டபோது அவனிடமும் சொன்னாள். அவன் மாலத்தீவு முழுக்கச் சொன்னான்.

அண்ணாச்சியின் தகவல் உரிமை மனுவுக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. விஜிலா கடைக்கு இரண்டு குடம் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவர் உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தார். இரண்டு பக்கம். பொதுமக்கள் எதிர்ப்பு என்று எந்த இடத்திலும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் வரவேற்பு மட்டும் அப்படியே இருந்தது. திட்டம் கைவிடப்பட்ட காரணம் ஓர் ஆய்வக அறிக்கை. அதன் தேதி குருசு நடுவதற்கு ஒன்பது நாள் முந்தியது. மேற்படி கிணற்று நீரைச் சோதனைத் தொட்டிகளில் ஊற்றி வந்ததில் பதினோராம் நாள் புல் முழுவதும் கருகிவிட்டது என்றும், உப்பு மிகுந்த இந்த நீர் புல்லுக்குத் தகுதியற்றது என்றும் அதில் எழுதியிருந்தது.